வீணையும் செருப்பும்

முயற்சி நல்லதென்பதை மறுப்பார் இலர். முயற்சிக்கும் ஓர் அளவு உண்டோ என்று கேட்பாரும் மிகுதியாக இலர். நல்ல காரியம் ஒன்றில் இறங்கிய ஒருவர் தம் உடலையும் உள்ளத்தையும் அதிலேயே இட்டு எரித்துவிடுவாராயின், அதனைத் தியாகமென்று போற்றுவதா, பிழையென்று சுட்டுவதா? இவ்வினாவை வெறும் வாதத்திற்காக எழுப்பும் விருப்பம் நமக்கில்லை. அது நம் வாசலுக்கே வந்து நின்றபடியால் எழுத நேர்ந்தது.

நம் சங்கத்தின் ஞாயிற்றுப் பள்ளியில் கணக்குப் பாடம் சொல்லிவந்த அன்பர் ஒருவர் கோலார் தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் சுரங்கத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் அவ்வூர்ப் பிள்ளைகள் பலருக்கு எது வாய்த்ததோ அதுவே அவருக்கும் வாய்த்தது. விடியுமுன் எழுந்து மாரிகுப்பத்தில் இரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதி, இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு திரும்புவார். வாரத்தில் ஆறு நாள் இவ்வாறு கழியும். ஏழாம் நாள் காலையில் நம் பள்ளியில் சுண்ணக்கட்டியும் கையுமாக நிற்பார். நான்கு ஆண்டுகளில் ஒரு ஞாயிறும் அவர் வாராதிருந்ததில்லை. வைசாகப் பௌர்ணமி விழாவில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, ‘ஓய்வறியாத் தொண்டர்’ என்று நாமே வாயாரப் புகழ்ந்தோம். கூட்டம் கைதட்டிற்று.

அடுத்த ஆறு மாதத்திற்குள் அவர் வருவது நின்றது. காய்ச்சலோ என்றெண்ணிப் பார்க்கச் சென்றோம். காய்ச்சல் இல்லை. திண்ணையில் சுவரைப் பார்த்தவாறு உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் கழித்து, “ஐயா, எனக்கு நோயொன்றும் இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் முன்போல் அன்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. சென்ற மாதம் ஒரு சிறுவன் பெருக்கல் வாய்பாட்டைத் தவறாகச் சொன்னான். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிவிட்டேன். இனி அந்த இடத்தில் நிற்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?” என்றார்.

ஓய்வறியாதவர் என்று நாம் மேடையில் கூறியது புகழ்ச்சி என்றே அதுவரை எண்ணியிருந்தோம். நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த ஒரு தீங்குக்கு நாம் பெயர் சூட்டிக் கைதட்டியிருக்கிறோம் என்பது அத்திண்ணையில்தான் விளங்கிற்று.

இந்நிலையை நம் மக்கள் ‘சக்கையாய்ப் போதல்’ என்பர். ஆலையில் சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையை நினைத்துச் சொன்ன சொல் இது. மேலைநாட்டு உளநூலார் ‘எரிந்து தீர்தல்’ என்னும் பொருள்படும் பெயரை இதற்கு வழங்குகின்றனர். 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் அறிஞர் அப்பெயரால் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் இதனை எங்கே கண்டார் என்பது கருதத்தக்கது. நியூயார்க்கு நகரத்தில் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்த தொண்டு நிலையம் ஒன்றில், பகலில் தம் தொழிலை முடித்துக்கொண்டு இரவில் வந்து உழைத்தவர்களிடையே கண்டார். அவரும் அவர்களுள் ஒருவர். கூலிக்காக மட்டும் வந்து போகிறவர்களைக் காட்டிலும், உள்ளத்தைக் கொடுத்து உழைத்தவர்களே இதற்கு எளிதில் இரையாகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று குறிகளைக் கூறிற்று: ஆற்றல் வறண்டுபோதல், செய்யும் தொழிலினின்று உள்ளம் விலகிக் கசந்துபோதல், செய்யும் திறன் குன்றுதல். இதனை நோய்களின் வரிசையில் வைக்காமல், வேலையிடத்தில் நெடுங்காலம் தணிக்கப்படாத நெருக்கடியால் விளையும் நிலை என்றே அந்நிறுவனம் வகைப்படுத்தியது.

மூன்றனுள் இரண்டாவதே நம்மை அஞ்சச் செய்வது. களைத்த உடல் உறங்கித் தேறும். அன்பு வறண்ட உள்ளத்தோடு அன்பை வேண்டுகிற தொழிலைச் செய்கிறவனோ, தான் யாருக்காக உழைக்கப் புகுந்தானோ அவர்களையே புண்படுத்தத் தொடங்குகிறான். கையை ஓங்கிவிட்டேன் என்று நம் அன்பர் வருந்தியது இதனால்தான். மிகை முயற்சி தனக்கு மட்டும் தீங்கு செய்வதன்று.

இவ்விடத்தில் சோணருடைய வரலாற்றை நினைவுகூராதார் பௌத்தருள் இலர். அதனை முழுவதும் நினைவுகூர்வார் சிலரே.

சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் மகன் சோணர். உள்ளங்காலிலும் மயிர் முளைத்திருந்த அளவுக்கு மென்மையாக வளர்க்கப்பட்டவர். அந்தக் காலைக் காணவே மகத மன்னன் பிம்பிசாரன் அவரை அழைப்பித்தான் என்று விநய நூல் கூறுகிறது. அவர் துறவு பூண்டு இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் தங்கி, இரவும் பகலும் நடந்தவாறே தியானம் பழகினார். பழக்கமில்லாத பாதங்கள் வெடித்தன. அவர் நடந்த பாதை முழுவதும் ஆடுமாடு அறுக்குமிடம்போல் குருதி படிந்தது. இத்தனை முயன்றும் உள்ளம் விடுதலை பெறவில்லையே, வீட்டில் செல்வம் கிடக்கிறதே, திரும்பிச் சென்று அதனைத் துய்த்துக்கொண்டு அறமும் செய்யலாமே என்னும் எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றிற்று. கவனியுங்கள்: சோம்பலால் வந்த எண்ணமன்று இது. முயற்சியின் உச்சியிலிருந்து வந்தது. முற்றும் இறுகியது முற்றும் அவிழ்வதற்கு ஒரு கணமே போதும்.

புத்தர் பெருமான் அவரிடம் வந்து, இல்லறத்தில் இருந்தபோது நீ வீணை வாசிப்பதில் வல்லவனல்லவா என்று வினவினார். நரம்புகள் மிக இறுகியிருந்தால் இசை எழுமா? மிகத் தளர்ந்திருந்தால் எழுமா? இரண்டுமின்றி ஒத்து நின்றால்? சோணர் விடையளித்தார். அவ்வாறே முயற்சி மிகின் உள்ளம் அலைவுறும், குறையின் மடியுறும். ஆதலின் முயற்சியைச் சமனில் நிறுத்துக என்றார் பெருமான்.

இவ்வுவமையைக் கேட்டவர் பலர் ‘பாதியாகக் குறைத்துக்கொள்’ என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். வீணை வாசிப்பவரைக் கேட்டால் வேறு சொல்வார். சுருதி சேர்ப்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமன்று. வெயில் மாறினால், ஈரக்காற்று வீசினால், ஒரு பாட்டு வாசித்து முடித்தால் நரம்பு இறங்கும். மறுபடியும் காது கொடுத்துக் கேட்டு முறுக்காணியைத் திருப்ப வேண்டும். சில வேளை இறுக்க வேண்டும், சில வேளை தளர்த்த வேண்டும். இதற்கு முதலில் வேண்டுவது செவி. தன் நரம்பு எந்த நிலையில் இருக்கிறதென்று கேளாதவன் எவ்வளவு வலிமையோடு மீட்டினாலும் பயனில்லை. இதே கருத்தை மற்றொரு சூத்திரம் நெருப்பை வைத்து விளக்குகிறது. அவியப்போகும் சிறு நெருப்பின்மேல் ஈரப்புல்லை இடலாகாது. கொழுந்துவிட்டெரியும் பெருநெருப்பை அவிக்க விரும்புவோன் அதன்மேல் உலர்ந்த விறகை இடலாகாது. உள்ளம் சோர்ந்திருக்கும்போது எழுப்புவனவும், கொதித்திருக்கும்போது தணிப்பனவும் வேண்டும். விழிப்போ எப்போதும் வேண்டும். வள்ளுவரும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

புத்தர் பெருமான் தம் உடலைப் பற்றிப் பேசிய இடங்களைப் படிக்கும்போது நமக்கு ஒரு நிம்மதி உண்டாகிறது. கபிலவத்துவில் சாக்கியர்கள் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறமுரைத்தபின், எனக்கு முதுகு வலிக்கிறது, சற்றுப் படுக்கிறேன், நீ தொடர்ந்து சொல் என்று ஆனந்தரிடம் கூறினார். பாவாவில் சாரிபுத்தரிடமும் இவ்வாறே கூறியதுண்டு. சச்சகன் என்னும் வாதி, நீர் பகலில் உறங்கியதுண்டோ என்று குற்றங்காணும் நோக்கோடு கேட்டபோது, கோடையின் கடைசி மாதத்தில் உண்டபின் ஆடையை நான்காக மடித்து விரித்து வலப்புறமாகப் படுத்துறங்கியதுண்டு என்று ஒளிக்காமல் விடையளித்தார். உலகுக்கு அறமுரைக்க வந்தவர், பேச்சின் நடுவே முதுகு வலிக்கிறதென்று எழுந்து சென்று படுத்துக்கொண்டதில் நாணம் கொள்ளவில்லை. நம் சங்கச் செயலாளர் ஒருவர் இவ்வாறு செய்தால் நாம் என்ன பேசுவோம் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நாள்வாழ்விலும் இது பொருந்தும். நேரத்தைப் பங்கிடக் கற்றவர் பலர். ஆற்றலைப் பங்கிடக் கற்றவர் சிலர். ஒரு மணி நேரம் என்பது எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவுடையதன்று. உறங்கி எழுந்த காலையின் ஒரு மணியும், இரயிலில் நின்றுகொண்டே வந்த இரவின் ஒரு மணியும் கடிகாரத்தில் மட்டுமே ஒன்று. கருத்தூன்றிச் செய்ய வேண்டியதைத் தெளிந்த வேளைக்கு வைத்துக்கொள்வதும், கை மட்டும் செய்யக்கூடியதைக் களைத்த வேளைக்கு விடுவதும், இரண்டு கடுஞ்செயல்களுக்கு நடுவே சிறிது வெறுமையாக இருப்பதும், உறக்கத்தைக் கடன் வாங்காதிருப்பதும் அறிவுடைமை. இரயிலில் வரும் இளைஞர்கள் அந்த நேரத்தையும் வீணாக்காமல் படிக்க வேண்டுமென்று முன்பொருமுறை இதே பக்கங்களில் எழுதினோம். இப்போது அதனைத் திருத்திக்கொள்கிறோம். உறக்கம் வந்தால் உறங்கட்டும்.

முதல் உலகப்போரின்போது, 1915-இல், பிரித்தானிய அரசு போர்த்தளவாடத் தொழிலாளரின் உடல்நலம் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. குண்டுகள் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வேலை வாங்கிய காலம் அது. அக்குழுவினர் திரட்டிய கணக்குகளை ஜான் பென்கவெல் என்னும் பொருளியல் அறிஞர் மீண்டும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். கணக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதற்கேற்பக் கூடிற்று. அதற்குமேல் பயன் தேய்ந்தது. 70 மணி உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி உழைத்தபோது கிடைத்ததைவிடப் பெரிதும் மிகவில்லை. வாரத்தில் ஒருநாள் ஓய்வில்லாமற் போனதும் உற்பத்தியைக் கெடுத்தது. ஆக அந்த 14 மணி நேரம் மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டது. எவருக்கும் போய்ச் சேரவில்லை.

இவற்றையெல்லாம் நம் அன்பருக்குச் சொல்லலாமென்று ஒரு நாள் புறப்பட்டோம். பாதி வழியில் கால் தயங்கிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரயிலைப் பிடிக்க ஓடுகிறவரிடம் உன் வீணையைச் சுருதி சேர்த்துக்கொள் என்று சொல்வது அறிவுரையா, ஏளனமா? அவர் நான்கு மணிக்கு எழுகிறாரென்றால், அவர் மனைவியார் மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டி உணவு கட்டிக்கொடுக்கிறார். அவ்வம்மையாரின் நரம்பு எந்த நிலையில் இருக்கிறதென்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தச் சென்ற நாமும் கேட்கவில்லை.

அப்போதுதான் சோணர் வரலாற்றின் பிற்பகுதி நினைவுக்கு வந்தது. வீணை உவமையை எல்லாரும் சொல்வர். செருப்பைப் பெரும்பாலோர் விட்டுவிடுவர். சோணர் முயற்சியைச் சமனில் நிறுத்தி விடுதலையும் பெற்றார். அதன்பின் பெருமான் அவரிடம், நீ மென்மையாக வளர்ந்தவன், உனக்கு ஒற்றைத் தோல் செருப்பை அனுமதிக்கிறேன் என்றார். சோணர் அதனை ஏற்கவில்லை. வண்டி வண்டியாகப் பொன்னையும் யானைகளையும் துறந்து வந்தவன் இப்போது ஒரு செருப்பின்மேல் பற்று வைத்தான் என்று உலகம் பேசும். சங்கத்தார் அனைவருக்கும் அனுமதித்தால் நானும் அணிவேன், இல்லையேல் அணியேன் என்றார். பெருமான் உடன்பட்டார். பிக்குகள் எல்லாருக்கும் ஒற்றைத் தோல் செருப்பு அனுமதிக்கப்பட்டது. இரட்டைத் தோலும், அதனினும் மிக்க அடுக்குத் தோலும் வேண்டாமென்று விதித்ததில் அங்கும் ஓர் அளவு இருந்தது.

குருதி வடிந்த கால் ஒருவருடையது. மாறிய விதி எல்லாருக்குமானது. சோணருக்கு விடுதலை கிட்டியபின் வந்த செருப்பாதலின் அதனால் அவர் பெற்ற பயன் சிறிதே. பின்வந்தவர் பெற்றதே பெரிது. வீணையைச் சுருதி சேர்ப்பது ஒருவன் தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டியது. அதனைப் பிறர் செய்ய முடியாது. முள்ளும் கல்லும் நிறைந்த பாதையில் செருப்பின்றி நடக்கவேண்டிய நிலையை மாற்றுவதோ ஒருவனால் இயலாதது. அதனைச் சங்கமே செய்ய வேண்டும். இன்று எங்கும் முதலாவதையே போதிக்கின்றனர். மூச்சுப் பயிற்சி செய், மனத்தை அமைதியாக வை என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே இடத்தில் அவனுடைய வேலை நேரம் குறைவதில்லை. பௌத்தருடைய தியானமே இவ்வாறு செருப்புக்கு மாற்றாக விற்கப்படுவதைக் காணும்போது நமக்கு வருத்தம் உண்டாகிறது.

வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய சட்டங்கள் இந்தச் செருப்பைப் போன்றவை. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஒரே ஆணையால் 14 மணியை 8 மணியாக்கினார் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது மிகை. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி என்று வரையறுத்திருந்தது. 1942 முதல் 1946 வரை தொழில்துறையைக் கையிலேற்றிருந்தபோது அவர் கொண்டுவந்த திருத்தத்தால் 1946-இல் அது 48 மணியாயிற்று. 1948-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் அதனை நிலைநிறுத்தி, தொடர்ந்து ஐந்து மணிக்குமேல் வேலை வாங்குவதாயின் இடையே அரைமணி ஓய்வு தரவேண்டுமென்றும், வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டுமென்றும் விதித்தது. 54-க்கும் 48-க்கும் இடையே உள்ள ஆறு மணி நேரம் சிறியதென்று எண்ணுவோர் ஆலையில் நின்று பார்த்தவரல்லர். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நிலத்தடி வேலைக்கு நாளொன்றுக்கு எட்டு மணி என வரையறுத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வெந்து கிடந்த பாறைகளின் நடுவே உழைத்த நம் தந்தையருக்குத் தூசியால் நெஞ்சு கெட்டது, உயிரும் போயிற்று. அதனை நாம் இனிப்பாக்கிச் சொல்ல விரும்பவில்லை. எனினும் சங்கு ஊதினால் முறை முடிந்தது. வீடு நடைதூரத்தில் இருந்தது. மாலையில் பந்தாடவும், சங்கத்தில் கூடிப் படிக்கவும், சண்டையிடவும் அவர்களுக்கு உயிர்ப்பு மிஞ்சியிருந்தது. அவர்கள் பேரனுக்கு நிழலில் நாற்காலி கிடைத்தது. போகவர ஐந்து மணி நேரமும் கூடவே கிடைத்தது. அந்த ஐந்து மணியை எந்தச் சட்டமும் வேலை என்று எண்ணுவதில்லை.

2023-இல் பெங்களூரின் புகழ்பெற்ற தொழிலதிபர் நாராயண மூர்த்தி அவர்கள், நாட்டின் இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டுமென்றார். 2025-இல் வேறொரு பெருநிறுவனத் தலைவர் 90 மணி என்றார். நாட்டின்மீது அன்புகொண்டே கூறியிருப்பர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் மூளை இரத்தக்குழாய் நோயாலும் இதயநோயாலும் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்துள்ளன. இக்கணக்கோடு அவ்வறிவுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

ஓர் எதிர்வாதம் எஞ்சியிருக்கிறது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பாபாசாகேப் அம்பேத்கரே அளவறிந்து உழைத்தவரல்லரே, நீரிழிவும் மூட்டுநோவும் வருத்த, இரவும் பகலும் எழுதியவரன்றோ என்று கேட்கலாம். உண்மை. 1956 டிசம்பர் 5-ஆம் நாள் இரவிலும் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்தபோது அவர் உயிரோடில்லை. நூல் 1957-இல் வெளிவந்தது. அவர் அவ்வாறு எரிந்திராவிட்டால் நமக்கு இன்றுள்ள பல இல்லாமற் போயிருக்கும். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயின் ஒன்று கேட்கிறோம்: பலர் சேர்ந்து தாங்க வேண்டிய சுமையை ஒருவர் தாங்கியதால் அல்லவா அது நேர்ந்தது? வரலாறு அவருக்கு வேறு வழி விடவில்லை. வேறு வழி இருக்கும்போதும் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அவரை அப்பெருமகனாரோடு ஒப்பிட்டுப் புகழ்வது சோம்பேறிகளுக்கு மிக வசதியானதொரு பக்தி. நாமும் அதனைச் செய்தோம்.

நான்கு ஆண்டுகளாக அப்பள்ளிக்குக் கணக்காசிரியர் ஒருவரே. மற்றொருவரைத் தேட வேண்டுமென்று எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் வந்ததில்லை. அவர்தாம் வருகிறாரே என்று இருந்துவிட்டோம். இப்போது மூவர் பெயர் கிடைத்திருக்கிறது. ஒருவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மற்ற இருவர் கல்லூரி மாணவியர். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகள் ஒருவரே வகுப்பெடுத்தல் கூடாதென்றும், மாதத்தின் கடைசி ஞாயிறு பள்ளிக்கு விடுமுறை என்றும் செயற்குழு முடிவுசெய்துள்ளது. விடுமுறை கூடாதென்று இருவர் மறுத்துப் பேசினர். அவர்களுள் எவரும் இதுவரை வகுப்பெடுத்ததில்லை.

இவற்றை நம் அன்பரிடம் சென்று தெரிவித்தோம். உடனே திரும்பி வருவார் என்று எதிர்பார்த்திருந்தால் நாம் ஏமாந்திருப்போம். கால அட்டவணையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருடைய மனைவியார் உள்ளிருந்து வந்து, “இவருக்கு இப்போது ஒன்றும் போடாதீர்கள், ஐயா. உறங்கட்டும்” என்றார். அவ்வாறே விட்டுவந்தோம்.